ஓர்கன் ஏறிய மேடை

கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் பாட்டுக்குத் துணைநின்ற பழைய வாத்தியம் பக்கீர்மார்களின் றபான். பின்னர் ஆர்மோனியம் வந்தது. நான் பாடசாலை மாணவனாகத் திரிந்த 1980களில், கலியாண வீட்டுக் கச்சேரிகளில் அதன் இடத்தை 'ஓர்கன்' பிடித்துக்கொண்டது. ஓர்கன் என்று நாங்கள் சொன்னது தேவாலயத்துப் பெருங்கருவியை அன்று. கசியோ, யமஹா நிறுவனங்களின் மின்னணுப் பெட்டியை. கசியோவின் முதற்கருவி 1980இல்தான் வெளியாகியிருந்தது.

ஆர்மோனியமே ஒருகாலம் குற்றவாளிக் கூண்டில் நின்ற வாத்தியம். கட்டைகளின் சுருதி அசையாது, கமகம் பிடிக்காது என்று அகில இந்திய வானொலி 1940இல் அதனைத் தடைசெய்தது. 1971இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. அதே குறை ஓர்கனுக்கும் உண்டு. சுரத்தை வளைக்கும் சக்கரம் பொருத்தப்பட்ட பிறகு நிலைமை மாறியது, சென்னையின் கே. சத்தியநாராயணன் மின்னணு விசைப்பலகையிலேயே முழுக் கர்நாடகக் கச்சேரி நிகழ்த்துபவர்.

எங்கள் மேடைகளில் கமகத்தைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. (பாட்டே ஆகாது என்றவர்களும் ஊரில் இருந்தார்கள், அது வேறு வழக்கு.) நாகூர் ஹனிபாவின் பாடல்களைப் பாடுபவருக்குப் பின்னணி வேண்டும், அவ்வளவே. புல்லாங்குழலும் வயலினும் தாளமும் ஒரே பெட்டிக்குள் கிடைத்தன. மின்சாரம் நின்றாலும் சின்னக் கசியோ பற்றரியில் ஒலித்தது. கூலியும் ஒருவருக்குத்தான். தபேலாக்காரரையும் குழல்காரரையும் கலியாண வீட்டார் மெல்ல மெல்ல அழைக்காமல் விட்டார்கள்.