பிரித்தானிய இரட்டைக்குழல் துப்பாக்கிகளின் அசல்தன்மை

பழைய பிரித்தானிய இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்று, பட்டறையை விட்டு வெளிவந்தபோது கொண்டிருந்த பாகங்களையும் அளவுகளையும் இன்றும் கொண்டுள்ளதா என்பதே அதன் அசல்தன்மை எனப்படுகிறது. வாங்குபவருக்கு இது விலை தொடர்பானது மட்டுமன்று. உள்ளே கடைந்து மெலிந்த குழல் வெடித்தால் சுடுபவரின் கையும் கண்ணும் போகலாம். குழலின் மேல் பொறித்த புகழ்பெற்ற பெயரைவிட, அதன் அடியில் உள்ள சிறு முத்திரைகளே நம்பத்தக்க சான்றுகளாகும்.

மாற்றங்களின் வரலாறு

1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் பிரெஞ்சுக்காரர் லெபோஷேயின் பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கி காட்சிக்கு வந்தது. இங்கிலாந்துப் பட்டறைகள் அம்முறையைப் பின்பற்றின. அடுத்த சில பத்தாண்டுகளில் ஊசித் தோட்டா போய் நடுவெடித் தோட்டா வந்தது. கருமருந்தின் இடத்தைப் புகையில்லா வெடிமருந்து பிடித்தது. இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல்களுக்குப் பதில் முழு எஃகுக் குழல்கள் வந்தன. விலையுயர்ந்த துப்பாக்கியை எறிய மனமில்லாத உரிமையாளர்கள் அதைப் புதிய முறைக்கு மாற்றிக்கொண்டனர். எனவே மாற்றம் செய்தது மோசடி ஆகாது. அதை மறைத்து விற்பதே மோசடி.

சோதனை முத்திரைகள்

லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காம் சோதனை மன்றம் 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. வழக்கத்தைவிட வலுவான வெடிமருந்து இட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலில் இவை முத்திரை குத்தின. விதிகள் காலந்தோறும் மாறியதால், முத்திரையைக் கொண்டே சோதனை நடந்த காலத்தைக் கணிக்கலாம்.

குழலின் உள்விட்டமும் அதில் பதிவாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழங்கிய குறியீட்டில் 13/1 என்பது 0.719 அங்குலம், 12 என்பது 0.729 அங்குலம், 12/1 என்பது 0.740 அங்குலம். 13/1 என்று குறித்த குழல் இன்று 0.740 அங்குலம் காட்டினால், சோதனைக்குப் பின் உலோகம் கடையப்பட்டிருக்கிறது. பிரித்தானியாவில் அத்தகைய துப்பாக்கியை மறுசோதனையின்றி விற்பது குற்றம். 1954 விதிகளின்படி உள்விட்டம் அங்குலத்தில் குறிக்கப்பட்டது. ஆகவே 1890இல் செய்த துப்பாக்கியில் அவ்வாறு குறித்திருந்தால் அது மறுசோதனைக்குச் சென்று வந்தது எனலாம்.

தோட்டா அறையின் நீளத்தையும் அளக்க வேண்டும். இரண்டரை அங்குல அறையைப் பின்னாளில் இரண்டே முக்கால் அங்குலமாக நீட்டும் வழக்கம் இருந்தது.

குழலில் காணும் அடையாளங்கள்

பழைய குழலின் பின்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு புதிய குழாய்களைப் பொருத்தும் முறை உண்டு. பின்முனையிலிருந்து சில அங்குல தூரத்தில் மெல்லிய வளையக் கோடாக இணைப்புத் தெரியும். இதற்கெனத் தனிச் சொல்லையும் குழலில் பொறிக்க வேண்டும் என்பது விதி.

இரு குழல்களும் வாய்ப்பக்கம் நெருங்கிச் செல்பவை. முனையை வெட்டினால் அங்கே இடைவெளி தெரியும். குழல்வாயின் குறுக்கமும் போய்விடும். ஆனால் குட்டைக் குழல் எல்லாம் வெட்டியவை அல்ல. ராபர்ட் சர்ச்சில் 1920களில் 25 அங்குலக் குழல்களையே தம் சிறப்பாகப் பரப்பினார்.

எண்ணும் பெயரும்

குழல், இயந்திரப் பகுதி, முன்கட்டை ஆகியவற்றின் தொடர் எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும். பர்டி போன்ற நிறுவனங்களின் பழைய பதிவேடுகளோடு எண்ணை ஒப்பிட்டால் முதலில் செய்த குழல் நீளம் தெரியவரும்.

பெயர் மட்டும் போதாது. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸை நினைவூட்டும் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்ற பெயருடன் மலிவான பெல்ஜியத் துப்பாக்கிகள் அமெரிக்காவில் விற்கப்பட்டன. நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்னும் லியேழ் நகர முத்திரை அவற்றைக் காட்டிக்கொடுக்கும். சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகளின் பெயரும் துப்பாக்கிகளில் உண்டு. அது விற்றவர் பெயர், ஏமாற்று அன்று.

செய்த நிறுவனமே புதுக் குழல் பொருத்திப் பதிவேட்டில் எழுதிய துப்பாக்கிக்கு மதிப்பு உண்டு. முத்திரையும் அளவும் ஒத்துப்போகாத துப்பாக்கி, எவ்வளவு மெருகிட்டிருந்தாலும், அசல் என்ற விலைக்கு உரியதன்று.