மரம் வீழ்த்தியோரின் வரலாறு

நம் சூளகிரி முன்னாளில் அடங்கியிருந்த சேலம் மாவட்டத்துக் காட்டு வரலாற்றில் அதிகாரிகளின் பெயருண்டு. மரம் வெட்டியோர் பெயரில்லை. சென்னை மாகாணத்தில் முதல் இரயில் ஓடிய 1856ஆம் ஆண்டிலேயே கிளெக்ஹார்ன் வனக் காப்பாளரானார். தண்டவாளக் கட்டைகளுக்கும் எஞ்சின் விறகுக்குமாகக் காடுகள் வெட்டுண்டன. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தபின், அனுமதியின்றி விறகெடுத்த ஏழை குற்றவாளியானான்.

கோடரிக்குப்பின் இயந்திர ரம்பம் வந்தும், சாயும் பக்கம் கணிப்பதில் பிசகினால் உயிர்போகும் தொழிலாகவே இது நீடிக்கிறது. 2015 ஏப்ரல் 7இல், செம்மரம் வெட்டியதாகக் கூறி, சேஷாசலக் காட்டில் 20 தமிழரை ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்றது. அவர்களுள் அண்டைத் தருமபுரி மாவட்டத்தாரும் உண்டு.

வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்து மாணவர்கள் தத்தம் ஊர் மரம்வெட்டிகளின் பெயர்களை எழுதிவைக்க வேண்டுமென நாம் விழைகிறோம். எழுத்தறிந்த தலைமுறை தன் பாட்டனைப் பெயரற்றவனாக விடலாகாது.