ஒரு துறைமுகத்தின் குரல்: 'க்ரோஸா டே மா' பிறந்த கதை

1984 மார்ச்சில் இத்தாலியின் ரிக்கோர்டி நிறுவனம் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. பாடியவர் ஃபப்ரிட்ஸியோ டி ஆந்த்ரே. பாட்டின் சொல்லுக்காகவே நாடு முழுக்கக் கொண்டாடப்பட்ட கவிஞர். அந்தத் தட்டில் அவர் பாடிய ஏழு பாடல்களும் இத்தாலியர் பலருக்குப் புரியவில்லை. எல்லாமே ஜெனோவா வட்டார மொழியில் இருந்தன. பின்னணியில் கிதார் இருந்தது. அதைச் சுற்றி அரபு ஊத், துருக்கிய சாஸ், கிரேக்க பூசூக்கி ஆகிய தந்திக் கருவிகள், பால்கன் பகுதியின் தோற்பைக் குழல் என்று மத்தியதரைக் கடலின் பல கரைகள் ஒலித்தன. 'க்ரோஸா டே மா' என்பது அந்த ஆல்பத்தின் பெயர்.

டி ஆந்த்ரே 1940இல் ஜெனோவாவில் பிறந்தவர். பிரெஞ்சுப் பாடகர் ப்ராசென்ஸை ஆசானாகக் கொண்டு தொடங்கி, பாப் டிலன், லெனார்ட் கோஹன் பாடல்களை இத்தாலிய மொழிக்குக் கொண்டுவந்தவர். விலைமாதர், திருடர், ஊர் ஒதுக்கியவர்கள் ஆகியோரே அவருடைய பாட்டுடைத் தலைவர்கள். 1979இல் சார்தீனியாத் தீவில் அவரையும் அவருடைய துணைவி டோரி கெஸ்ஸியையும் ஒரு கும்பல் கடத்திச் சென்று நான்கு மாதம் மலையில் அடைத்து வைத்தது. மீண்டு வந்த பிறகு 1981இல் ஓர் ஆல்பம் செய்தார். அந்த வேலையின்போதுதான் மவ்ரோ பகானியுடன் நெருங்கினார்.

பகானி, பி.எஃப்.எம். என்ற புகழ்பெற்ற ராக் குழுவில் வயலினும் புல்லாங்குழலும் வாசித்தவர். 1977இல் குழுவை விட்டு விலகி, அரபு, துருக்கிய, பால்கன் இசைகளைக் கற்பதில் மூழ்கினார். 1978இல் அவர் வெளியிட்ட தனி ஆல்பத்திலேயே அந்தத் தேடல் தெரிகிறது. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் இசை சாத்தியம் என்று அவர் நம்பினார். டி ஆந்த்ரேவுக்கும் அதே ஆசை.

அந்த இசைக்கு எந்த மொழியில் பாடுவது? துறைமுகம் துறைமுகமாகத் திரிந்த மாலுமி ஒருவன் பேசக்கூடிய கலவை மொழியைப் புதிதாக உருவாக்கலாம் என்று முதலில் யோசித்தார்கள். அப்படி ஒரு மொழி தன் ஊரிலேயே இருக்கிறது என்பது பிறகு டி ஆந்த்ரேவுக்குப் புலப்பட்டது. ஜெனோவா நூற்றாண்டுக் கணக்கில் கான்ஸ்டான்டிநோபிளுடனும் வட ஆப்பிரிக்கக் கரைகளுடனும் வணிகம் செய்த குடியரசு. சரக்கோடு சேர்ந்து அரபுச் சொல்லும் துருக்கியச் சொல்லும் அந்த ஊர்ப் பேச்சில் இறங்கியிருந்தன. இசையைப் பெரும்பாலும் பகானி அமைத்தார். சொல்லை டி ஆந்த்ரே எழுதினார்.

பாடல்களின் மனிதர்களும் அந்தக் கடலிலிருந்தே வந்தார்கள். 1560இல் ஜெர்பா கடற்போரில் துருக்கியரிடம் சிறைப்பட்ட ஜெனோவாக்காரர் சிப்பியோனே சிக்காலா, ஓட்டோமான் பேரரசின் கடற்படைத் தலைவராகவும் தலைமை அமைச்சராகவும் உயர்ந்த கதை ஒரு பாடல். கடன்பட்டவனைப் பின்தொடர்ந்து ஊரறிய மானத்தை வாங்கும் கூலியாளின் புலம்பல் இன்னொன்று. எல்லாவற்றிலும் கனமானது 'சிடூன்'. 1982இல் இஸ்ரேல் லெபனான்மீது படையெடுத்தபோது, சிடோன் நகரில் டாங்கியின் கீழ் நசுங்கிய குழந்தையைக் கையில் ஏந்தி அழும் ஒரு தகப்பனின் குரல் அது. அமெரிக்க அதிபர் ரேகன், இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சர் ஷரோன் ஆகியோரின் பேச்சொலிப்பதிவோடு தொடங்கி, மெல்ல மெல்ல ஒப்பாரியாகக் கனக்கிறது.

தலைப்புப் பாடல், கடலிலிருந்து கரையேறி வரும் மாலுமிகளைப் பற்றியது. அதில் கேட்கும் சந்தை இரைச்சல் ஸ்டூடியோவில் செய்ததல்ல; ஜெனோவா மீன் சந்தையில் கூவி விற்பவர்களின் குரல்களை நேரில் பதிவு செய்து சேர்த்தார்கள்.

இந்த ஆல்பத்தை முதலில் கேட்டபோது என்னை நிறுத்தியது அதில் வரும் ஷன்னாய். நம் நாகஸ்வரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதும் கருவி. அந்நியமான பாட்டுக்குள் அறிந்த குரல் ஒன்று அழைத்ததும் உள்ளே போய்விட்டேன். இன்றுவரை வெளியே வரவில்லை.

வணிகக் கணக்கில் இது துணிச்சலான முயற்சி. ஆனாலும் மக்கள் வாங்கினார்கள். அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான தார்கா டெங்கோ விருதும், வட்டார மொழிப் பாடலுக்கான விருதும் இதற்கே கிடைத்தன. டி ஆந்த்ரே 1999இல் மறைந்தார். பகானி 2004இல் இதே பாடல்களைப் புதிதாகப் பதிவு செய்தார்.

இசை வகைகளைக் கலந்து பரிசோதனை செய்த ஆல்பங்கள் ஏராளம். அவற்றில் பல, தையல் தெரியும் ஒட்டுத்துணிகள். 'க்ரோஸா டே மா' நிலைத்து நிற்பதற்குக் காரணம், அந்தக் கலப்பு அவ்வூரின் பேச்சிலும் வரலாற்றிலும் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்ததுதான். இருவரும் அதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். ஆல்பம் மொத்தமே அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். முதல் முறை பொருள் தேடாமல் கேளுங்கள். அடுத்த முறை மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, 'சிடூன்' பாடலிலிருந்து தொடங்குங்கள்.