கூலி வாங்காத தொண்டர்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் முதற்பெரும் தேர்தல் பிரசாரம், தேர்தலே வேண்டாம் என்று சொன்ன பிரசாரம். டொனமூர் அரசியல் திட்டம் சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்த 1931 இல், இது சுயராச்சியம் ஆகாது என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்பை அறிவித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. இதைச் சாதித்தவர்கள் ஹன்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்களும் அவர்களைச் சூழ்ந்த இளைஞர்களும். இரண்டு ஆண்டு கழித்து, 1933 இல், கலிபோர்னியாவில் கிளெம் விட்டேக்கரும் லியோன் பாக்ஸ்டரும் பணம் வாங்கிப் பிரசாரம் நடத்திக் கொடுக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கே தொழிலாக வளர்ந்தது இங்கே தொண்டாகவே நின்றது. அந்த இலவசத் தொண்டுக்கு யாழ்ப்பாண அரசியல் கொடுத்த விலை, எந்தச் சம்பளத்தையும்விடப் பெரிது.

தொழிலாகாததற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. வேண்டிய ஆள்பலம் பள்ளிக்கூடத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் வாசிகசாலையிலும் ஏற்கெனவே இருந்தது. 1952 இல் வட்டுக்கோட்டையில் தமிழரசுக் கட்சியின் அமிர்தலிங்கத்தைத் தோற்கடித்த வீரசிங்கம், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். கூட்டுறவு இயக்கத்தின் தலைவர். 1970 இல் அதே தொகுதியில் அமிர்தலிங்கத்தை வென்ற தியாகராசா, காரைநகர் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். வீட்டுக்கு வீடு பழைய மாணவன் இருக்கும் மனிதருக்குப் பிரசார நிறுவனம் எதற்கு? தமிழரசுக் கட்சி இந்தப் பலத்துக்கு ஈடாகச் 'சுதந்திரன்' பத்திரிகையையும் வாலிபர் முன்னணியையும் வைத்திருந்தது. தொண்டனுக்குக் கூலி இல்லை. ஏறிப்போக ஒரு படி இருந்தது. அதில் ஏறித்தான் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். மாவை சேனாதிராசா 2014 இல் கட்சித் தலைவரானார்.

படி எல்லோருக்கும் கிடைக்காது. மற்றவர்களுக்குக் கிடைத்தது மேடையில் சொன்ன வாக்கு மட்டும். எழுபதுகளின் கூட்டங்களில் இளைஞர்கள் விரலைக் கீறித் தலைவர்களின் நெற்றியில் இரத்தத் திலகம் இட்டார்கள். சம்பளக்காரனிடம் நாளைக்குச் சுலோகத்தை மாற்று என்றால் மாற்றுவான். இரத்தம் இட்டவனிடம் அப்படிச் சொல்ல முடியாது. 1976 இன் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை முன்வைத்து 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்றது. தனிநாடு கேட்ட அதே கூட்டணி 1981 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் நின்றபோது, கொடுத்த வாக்கு என்னாயிற்று என்று கேட்டவர்கள் நேற்றுவரை அதற்குச் சுவரொட்டி ஒட்டிய தலைமுறையினர்.

கூலிக்கு ஆள் பிடிக்கவே இல்லையா என்று கேட்கலாம். காரும் கள்ளும் எந்தத் தேர்தலிலும் இல்லாமல் இல்லை. ஆனால் அது ஒரு நாள் கூலி; அதில் யாரும் தொழில் பழகவில்லை. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: இளைஞரின் கோபத்துக்குக் காரணம் 1956 இன் சிங்களம் மட்டும் சட்டமும், 1958 இல் கிழிக்கப்பட்ட பண்டா-செல்வா ஒப்பந்தமும், பல்கலைக்கழகத் தரப்படுத்தலும்தானே? உண்மை. கோபத்தை உண்டாக்கியது அரசு. அந்தக் கோபத்துக்குத் தலைவர்களைக் கடன்காரராக்கியது பிரசாரத்தின் அமைப்பு. சம்பள முறை மேலானது என்றும் இதற்குப் பொருளில்லை. தமிழ்நாட்டில் 2021 தேர்தலுக்குத் தி.மு.க. ஐ-பேக் என்ற பிரசார நிறுவனத்தை அமர்த்தியது. அப்படிப்பட்ட நிறுவனத்தின் வேலை தேர்தலோடு முடிகிறது, பிறகு வந்து கணக்குக் கேட்க அதற்கு உரிமையில்லை. கணக்குக் கேட்கும் உரிமை கூலி வாங்காதவனுக்கே இருந்தது. தலைவர்கள் அதற்குப் பதில் தேடிவைக்கவில்லை.

2024 இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றைத் தெற்கின் கட்சியான தேசிய மக்கள் சக்தி எடுத்தது. பழைய கட்சிகளின் வாசிகசாலைப் பலம் எவ்வளவு தேய்ந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. 2023 இல் வந்த தேர்தல் செலவினச் சட்டம் வேட்பாளர் செலவிடும் பணத்துக்கு வரம்பு விதிக்கிறது. சம்பளம் வாங்காதவனுக்குக் கொடுத்த வாக்குறுதி அந்தக் கணக்கில் வராது.