பேனா பிடித்த கை

ஆங்கிலம் படித்த நம்மவர்களில் 'ஐவன்ஹோ' என்ற நாவலின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அதை எழுதிய ஸர் வால்டர் ஸ்காட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், கடனை அடைப்பதற்காக உயிரை விட்டு எழுதிய உத்தமர் என்று சொல்வது வழக்கம். உத்தமர்தான்; சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதையின் கடைசிப் பகுதியை யாரும் அதிகமாகச் சொல்வதில்லை.

1826 ஜனவரியில் ஸ்காட்டின் நூல்களை வெளியிட்டு வந்த கான்ஸ்டபிள் கம்பெனி முறிந்தது. கூடவே பாலன்டைன் அச்சகமும் விழுந்தது. அந்த அச்சகத்தில் ஸ்காட் ரகசியப் பங்காளி. ஏறத்தாழ 1,20,000 பவுன் கடன் அவர் தலையில் வந்து விடிந்தது. மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம். மாட்டேன், எழுதியே அடைக்கிறேன் என்றார். அப்போது அவருக்கு வயது 54. மே மாதத்தில் மனைவி காலமானார். அப்போதும் பேனா ஓயவில்லை. அடுத்த ஆண்டே நெப்போலியனின் சரித்திரம் 9 பாகங்களாக வெளிவந்துவிட்டது.

1830 பிப்ரவரியில் பக்கவாதம் முதல் தடவையாகத் தாக்கியது. உழைப்பைக் குறைக்கும்படி வைத்தியர்கள் சொன்னார்கள். கடன் கொடுத்தவர்களும் கல்நெஞ்சர்கள் அல்லர். அந்த ஆண்டு டிசம்பரில், அவருடைய புத்தகங்களையும் வீட்டுச் சாமான்களையும் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். 1829 முதல் அவருடைய பழைய நாவல்கள் மலிவுப் பதிப்பாக, மாதம் ஒரு புத்தகமாக வந்து அமோகமாக விற்றுக்கொண்டிருந்தன. ஓய்வெடுக்க இதைவிட நல்ல சமயம் ஏது? ஸ்காட்டோ, கை ஓய்ந்தபோது வாயால் சொல்லிப் பிறரை எழுத வைத்தார். அப்படிப் பிறந்தவைதான் 1831-இல் வெளிவந்த அவருடைய கடைசி இரண்டு நாவல்கள். பழைய ஸ்காட்டை அவற்றில் தேடித்தான் பார்க்கவேண்டும்.

அவற்றை முடித்த பிறகே ஓய்வுக்கு இசைந்தார். 1831 அக்டோபரில், அரசாங்கம் கொடுத்த போர்க்கப்பலில் மால்டாவுக்கும், பிறகு நேப்பிள்ஸுக்கும் போனார். காலம் கடந்துவிட்டது. 1832 ஜூலையில், ஆபட்ஸ்போர்டில் இருந்த தம் வீட்டுக்குத் திரும்பினார். அங்கே ஒருநாள் நடந்ததை அவருடைய மருமகன் லாக்ஹார்ட் எழுதிவைத்திருக்கிறார். தம்மை எழுதும் மேஜை அருகே கொண்டுபோய் விடச் சொன்னாராம். மகள் பேனாவைக் கையில் வைத்தாள். விரல்கள் மூடவில்லை. பேனா நழுவிக் காகிதத்தின் மேல் விழுந்தது. கிழவரின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. செப்டம்பர் 21-ஆம் தேதி, 61-ஆவது வயதில் அவர் மறைந்தார்.

மிச்சக் கடன் எப்படித் தீர்ந்தது? ஆயுள் இன்ஷூரன்ஸில் 22,000 பவுன் வந்தது. பழைய நூல்களின் உரிமையை நம்பிப் பிரசுரகர்த்தர் கடெல் 30,000 பவுன் முன்பணம் கொடுத்தார். அந்த நூல்களில் பெரும்பாலானவை உடம்பும் மனமும் திடமாக இருந்த காலத்தில் எழுதியவை. நோயோடு மல்லாடி எழுதிய அந்த இரண்டு நாவல்கள் இல்லாவிட்டாலும் கணக்கு பெரிதாக மாறியிருக்காது என்றே நினைக்கிறேன்.

கடன் கொடுத்தவர்கள் அவருக்கு அவகாசம் கொடுத்தார்கள். வைத்தியர்கள் கெஞ்சினார்கள். அவர் மட்டும் தமக்கு அவகாசம் கொடுக்கவில்லை. ஊராருக்குப் பட்ட கடனையெல்லாம் கணக்கில் வைத்திருந்த அந்த நேர்மையான மனிதர், உடம்புக்குப் பட்ட கடனை ஏனோ கணக்கில் சேர்க்கவே இல்லை.

தொடர்கதையின் தவணை நெருங்கும் இரவுகளில், நழுவி விழுந்த அந்தப் பேனா என் நினைவுக்கு வருவதுண்டு. அப்போது விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன். அத்தியாயம் காலையில் முடிகிறது.