ஒட்டுண்ணி: ஒரு சொல்லும் அதற்குள் மறைந்த பச்சையும்

'உண்ணி' நம் ஊர்ப்புறச் சொல். மாட்டின் காதிலும் மடியிலும் கடித்துக்கொண்டு தொங்குவது. 'உண்' என்ற வினையிலிருந்து பிறந்த அதன் முன்னால் 'ஒட்டு' சேர்ந்தபோது உயிரியலுக்கு ஒரு கலைச்சொல் கிடைத்தது. கிரேக்கரின் 'பாரசீதோஸ்' என்ற சொல்லிலும் சாப்பாடுதான் இருக்கிறது: 'பாரா' என்றால் பக்கம், 'சீதோஸ்' என்றால் உணவு. முதலில் கோயில் விருந்தில் பங்குபெறும் பணியாளரைக் குறித்த அந்தச் சொல், நாடகக்காரர்கள் கையில் துதிபாடி வயிறு வளர்ப்பவனின் பெயராக இழிந்தது.

இரு மொழிச் சொற்களும் வாயையே பார்க்கின்றன. ஆனால் மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியத்தின் மூதாதை யார் பந்தியிலும் உட்காரவில்லை. வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொண்டது. இதை அறிய அறிவியலுக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்தத் தாமதத்தில் பெயர்களுக்கும் பங்குண்டு.

1879இல் லூக்கார்ட், பிளாஸ்மோடியம் அடங்கும் கூட்டத்துக்கு 'ஸ்போரோசோவா' என்று பெயரிட்டார். 'சோவா' என்றால் விலங்குகள். விலங்கு என்று எழுதிவிட்ட இடத்தில் பச்சையத்தின் சுவடு இருக்கும் என்று யார் தேடுவார்? எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின் இவற்றின் செல்லுக்குள் பல சவ்வுகள் சூழ்ந்த சிறு உறுப்பு ஒன்று கண்ணில் பட்டது. ஜெர்மானியர் அதை 'உள்ளீடற்ற உருளை' என்றனர். சிலர் 'கோல்கியின் துணையுறுப்பு' என்றனர். வேறு சிலர் 'கோள உடல்' என்றனர். பார்த்தவர் பலர், அடையாளம் கண்டவர் இல்லை. 1975இல் பறவை மலேரியாக் கிருமியில் வட்ட வடிவ டி.என்.ஏ. கிடைத்தபோதும் அது மைட்டோகாண்ட்ரியாவுடையது என்றே கொள்ளப்பட்டது.

லண்டன் மில் ஹில்லில் இயன் வில்சன் குழு அந்த வட்டத்தை எழுத்தெழுத்தாகப் படித்தது. சுமார் 35,000 எழுத்துகள். தாவரங்களின் பசுங்கணிக டி.என்.ஏ.வோடு உறவுடையவை. அது குடியிருக்கும் இடம் அந்தப் பெயர் நிலைக்காத உறுப்புதான் என்று 1996இல் ஜெஃப் மெக்ஃபாடன் குழு காட்டியது. அதன்பின்தான் 'அபிகோபிளாஸ்ட்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. முற்பாதி, 1970இல் நார்மன் லெவின் இந்தக் கூட்டத்துக்கு இட்ட 'அபிகாம்ப்ளெக்சா' என்ற பெயரிலிருந்து எடுத்தது. செல்லின் நுனியில் உள்ள துளைக்கும் கருவியைக் குறிப்பது. பிற்பாதி 'பிளாஸ்டிட்', தமிழில் கணிகம். ஆகவே 'நுனிக்கணிகம்' என்று சொல்லலாம். உறுப்பு நுனியில் இல்லை. நுனிக்கருவி கொண்ட உயிரிகளின் கணிகம் என்பதே பொருள்.

அதைச் சூழ்ந்த நான்கு சவ்வுகளில் வரலாறு படிந்திருக்கிறது. முன்பு ஒரு செல் ஒரு சிவப்புப் பாசியை விழுங்கியது, செரிக்காமல் வைத்துக்கொண்டது. அந்தச் செல்லின் வழிவந்தவை வெயிலில் வாழ்ந்தன. 2008இல் அந்தக் கிளையின் உயிருள்ள உறவு விவரிக்கப்பட்டது: சிட்னித் துறைமுகப் பவளத்திலிருந்து கிடைத்த குரோமேரா வேலியா, இன்றும் ஒளிச்சேர்க்கை செய்யும் பாசி. 2019இல் இன்னொன்று தெரியவந்தது. பவளங்களுக்குள் ஒட்டுண்ணியாக வாழும் கோரலிகோலிட் என்ற கூட்டத்தில் பச்சையம் ஆக்கும் மரபணுக்கள் இருக்கின்றன; ஒளியைப் பிடிக்கும் அமைப்போ இல்லை. சுதந்திர வாழ்வுக்கும் ஒட்டுண்ணி வாழ்வுக்கும் இடையில் நிற்கும் இப்படியோர் உயிரை நாம் வேறெங்கே தேடுவது? நம் மாமரத்துப் புல்லுருவி பச்சை இலைகளோடு பிறர் சாற்றை உறிஞ்சுவது, இதே பாதையின் வேறொரு தொடக்கம் என்று எனக்குப் படுகிறது.

ஒளிச்சேர்க்கை என்ற அடுப்பு அணைந்தபின்னும் சமையலறை மூடப்படவில்லை. கொழுப்பு அமிலங்களும் ஐசோபிரினாய்டுகளும் நுனிக்கணிகத்தில் ஆக்கப்படுகின்றன. இரத்தத்தில் வாழும் பிளாஸ்மோடியத்துக்கு இவற்றுள் ஐசோபிரினாய்டுக்கான மூலப்பொருள்தான் உயிர்நாடி. அதை வெளியிலிருந்து கொடுத்துவந்தால் கணிகத்தை இழந்தும் கிருமி பிழைக்கும் என்று 2011இல் ஆய்வகத்தில் காட்டினர். கிரிப்டோஸ்போரிடியமோ அந்த உறுப்பையே முற்றிலும் தொலைத்துவிட்டது. மாடுகளுக்கு உண்ணிகளால் பரவும் பாபேசியாவிடம் அது இன்னும் இருக்கிறது.

பாக்டீரியாவைக் கொல்லத் தரும் டாக்சிசைக்ளின் மலேரியாவுக்கும் பயன்படுவது இதனால்தான்: கணிகத்தின் புரத ஆக்கம் பாக்டீரியாவின் வழிவந்தது. மருந்து பட்ட கிருமி உடனே சாவதில்லை. அதன் அடுத்த தலைமுறை சாகிறது.

பிளாஸ்மோடியத்தின் படத்தைக் கரும்பலகையில் வரையும் ஆசிரியர்கள் உட்கருவுக்குப் பக்கத்தில் இந்தக் கணிகத்தையும் வரைந்து, பெயரை எழுதிக் காட்ட வேண்டும்.