யாத்திரை வரியின் எழுநூறு ஆண்டுகள்: காசி, பிரயாகை, மதுரா

போசள மன்னன் மூன்றாம் நரசிம்மன் 1279-இல் ஒரு சாசனம் வெளியிட்டான். ஹெப்பாலே என்ற ஊரிலிருந்து ஆண்டுதோறும் கிடைக்கும் 645 நிஷ்கப் பொன் வருவாயைக் காசிக்கென்று அதில் எழுதிவைத்தான். விசுவேசுவரர் பூசைக்கு ஒரு பங்கு போக, மீதி எதற்கு என்பதில்தான் சாசனத்தின் சுவை இருக்கிறது. கருநாடகம், தெலங்கானம், துளுநாடு முதலிய இடங்களிலிருந்து காசிக்குப் போகிறவர்களிடம் துருக்கர் வாங்கும் வரியைக் கட்ட அந்தப் பணம்.

காசி கோரிப் படையிடம் வீழ்ந்தது 1194-இல். எண்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு, போசளத் தலைநகரான துவாரசமுத்திரத்து அரசன் ஒருவன் அங்கே கட்ட வேண்டிய வரிக்குத் தன் நாட்டில் ஓர் ஊரையே ஒதுக்குகிறான் என்றால், அந்த வரி எப்போதோ வழியில் மறித்துப் பிடுங்கியதாக இருக்க முடியாது. ஆண்டுதோறும் வருவது, கணக்கிட்டு எடுத்துவைக்கத்தக்கது. தெற்கிலிருந்து போனவர் தொகையும் சொற்பமாக இருந்திருக்காது. விசுவேசுவரர் பூசை நின்றுபோயிருந்தால் அதற்கென்று பங்கு ஒதுக்கவும் வேண்டியதில்லை. யாத்திரை வரியை வெறும் மதப்பகை என்று எழுதிச் செல்வோர் இதைக் கவனிப்பதில்லை. வரி வாங்குகிறவனுக்கு யாத்திரிகன் வந்தாக வேண்டும். வராவிட்டால் அவனுக்குத்தான் நட்டம்.

யாத்திரையைத் தடுப்பதென்றால் அதற்கு வேறு வழி இருந்தது. தில்லியை 1489 முதல் 1517 வரை ஆண்ட சிக்கந்தர் லோடி, மதுராவில் இந்துக்களுக்கு முடி மழிக்கக் கூடாதென்று நாவிதர்களைத் தடுத்தான் என்று பிற்காலப் பாரசீக வரலாறுகள் சொல்கின்றன. க்ஷவரம் இல்லாமல் தீர்த்தச் சடங்கு இல்லை. ஆற்றை அடைக்க முடியாதவன் கத்தியை அடைத்தான். நாவிதர் இக்கதையில் பிறகும் வருவார்.

அதே மதுராவின் பக்கத்தில் 1563-இல் அக்பர் வேட்டையாடிக் கொண்டிருந்தார். வயது இருபதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். அங்கே வந்து கூடும் யாத்திரிகரிடம் வரி பிரிப்பதைக் கேள்விப்பட்டு, நாடு முழுவதும் அதை நீக்கினார் என்று அபுல் பசல் அக்பர்நாமாவில் பதிந்திருக்கிறார். மறு ஆண்டு, முஸ்லிமல்லாதார் மீதான ஜிஸியா வரியும் போயிற்று. பள்ளிப் பாடநூல்கள் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடும்.

ஆனால் ஷாஜகான் காலத்துக்கு வந்தால் ஒரு சங்கடம் எழுகிறது. கோதாவரிக் கரையிலிருந்து வந்து காசியில் தங்கியவர் கவீந்திராசாரிய சரசுவதி. துறவி, பெரிய ஏட்டுச் சுவடி நூலகம் ஒன்றை வைத்திருந்தவர். அவர் அரசவைக்குப் போய் வாதாடி, காசிக்கும் பிரயாகைக்கும் இருந்த யாத்திரை வரியை ஷாஜகானிடம் சொல்லி நீக்கவைத்தார். மகிழ்ந்த பண்டிதர்கள் ஆளுக்கொரு வாழ்த்து எழுத, அவை கவீந்திரசந்திரோதயம் என்று தொகுக்கப்பட்டன. அக்பர் நீக்கிய வரியை அவர் பேரனிடம் போய் மறுபடி நீக்கச் சொல்லுவானேன்? இடையில் எப்போதோ அது திரும்பியிருக்கிறது. அரசாணை ஆக்ராவில் பிறந்தாலும் வசூல் நடப்பது ஆற்றங்கரையில். அங்கே இருக்கும் அதிகாரிக்கு அது கைக்கெட்டும் வருமானம். யாத்திரை வரி ஒழிந்தது என்று எந்த ஆவணத்தில் படித்தாலும், அடுத்த தலைமுறையில் அது என்னவாயிற்று என்று தேடிப் பார்ப்பது நல்லது என்பேன்.

ஔரங்கசீப் 1669-இல் விசுவேசுவரர் என்னும் விசுவநாதர் கோயிலை இடித்ததும், பத்தாண்டு கழித்து ஜிஸியாவைக் கொண்டுவந்ததும் எல்லாரும் அறிந்தவை. பதினெட்டாம் நூற்றாண்டில் மராட்டியர் காசியில் படித்துறைகளும் கோயில்களும் கட்டினார்கள். இன்றுள்ள விசுவநாதர் கோயில் அகல்யாபாய் ஓல்கர் எழுப்பியது. கட்டடத்துக்குப் பணம் கொடுக்க முடிந்ததே தவிர, ஊர் அவர்கள் கைக்கு வரவில்லை. பேசுவாக்கள் காசியையும் பிரயாகையையும் அவத் நவாபிடம் கேட்டுக்கேட்டு அலுத்தார்கள்.

அவர்களுக்குக் கிடைக்காததைப் பெற்றது கிழக்கிந்தியக் கம்பெனி. 1801-இல் பிரயாகை, அதாவது அலகாபாத், நவாபிடமிருந்து அதன் கைக்கு வந்தது. கூடவே வரியும் வந்தது. கம்பெனிக்காரன் எதையும் அட்டவணை போடாமல் விடமாட்டான். 1810-ஆம் ஆண்டு 18-ஆம் ஒழுங்குவிதி கட்டணத்தை இப்படி வகுத்தது: நடந்து வருபவருக்கு 1 ரூபாய், குதிரை, பல்லக்கு, வண்டியில் வந்தால் 2 ரூபாய், ஒட்டகத்தோடு வந்தால் 3, யானையோடு வந்தால் 20. சங்கமத்தில் முழுகுமுன் இதைக் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். யானைக்காரருக்கு இருபது ரூபாய் ஒரு பொருட்டல்ல. நடந்து வரும் கூலியாளுக்கு ஒரு ரூபாய் பல நாள் கூலி. யாத்திரிகர் வணங்கும் ஆலமரமான அட்சய வடமோ அக்பர் கட்டிய கோட்டைக்குள். கோட்டையோ கம்பெனிப் பட்டாளத்திடம். எனவே காவல் போடுவதும் எளிதாயிற்று. கயையில் கணக்கு இன்னும் நுணுக்கம். எத்தனை இடங்களில் பிண்டம் போடுகிறார் என்பதைப் பொறுத்துக் கட்டணம் ஏறும்.

சென்னை உச்ச நீதிமன்றத்தில் துபாஷியாக இருந்த ஏனுகுல வீராசாமி இந்தக் காலத்தில்தான் போய்வந்தார். 1830 மே மாதம் பெரிய பரிவாரத்தோடு கிளம்பியவர் மறு ஆண்டு செப்டம்பரில் ஊர் திரும்பினார். வழியெல்லாம் கண்டதைக் கோமளேசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளைக்குத் தெலுங்கில் எழுதி அனுப்பினார். அதுவே 1838-இல் காசி யாத்திரை சரித்திரமாக அச்சேறியது. கம்பெனி ஆட்சியை உள்ளிருந்து அறிந்தவர் ஒருவர், அதே ஆட்சி சீட்டுக் கொடுக்கும் துறைகளுக்கு யாத்திரிகராகப் போன கதை என்றும் அந்த நூலைப் படிக்கலாம்.

வரியை எதிர்த்துப் பெருங்குரல் எழுந்தது யாத்திரிகரிடமிருந்து அல்ல, பாதிரிமாரிடமிருந்து. ஒரிசாவில் பணிபுரிந்த பாப்டிஸ்டு மிஷனரி ஜேம்ஸ் பெக்ஸ் இதற்காகவே புத்தகம் போட்டார். கிறித்தவ அரசு வரி வாங்குவதால் உருவ வழிபாட்டுக்கு முத்திரை குத்திக் கொடுத்ததாகிறது, அரசு கையை எடுத்தால் யாத்திரைகள் தாமே வாடும் என்பது அவர்கள் கணிப்பு. இலண்டன் இயக்குநர்கள் 1833-இல் கைகழுவும்படி கடிதம் எழுதினார்கள். ஏழாண்டு இழுபறிக்குப் பின், 1840-இன் பத்தாம் சட்டம் அலகாபாத், கயை, புரி மூன்றிலும் யாத்திரை வரியை நீக்கியது. இந்த வரியை நீக்கியவர்களில், யாத்திரை குறையும் என்று நம்பி நீக்கியவர்கள் இவர்கள் மட்டுமே. வரி போயிற்று, பின்னாலேயே ரயில் வந்தது. 1887-இல் காசியில் கங்கைக்குக் குறுக்கே டஃபரின் பாலம் திறந்தார்கள். யாத்திரை வாடியதா என்பதை இன்றைய கும்பமேளா சொல்லும்.

அரசு கையை எடுத்ததா? 1870 கும்பமேளாவில் அலகாபாத் மணற்பரப்பில் கடை போட்டவர்களிடம் கட்டணம் பிரித்தார்கள். அதில் நாவிதர்களும் உண்டு. ஆளுக்கு 4 ரூபாய். ஏறக்குறைய 42,000 ரூபாய் மேளா வருமானத்தில் நாலில் ஒரு பங்கு அவர்கள் கொடுத்தது. சிக்கந்தர் லோடி தடுத்த அதே கத்திக்கு இப்போது உரிமச் சீட்டு. அந்த நாலு ரூபாயை நாவிதர் தம் கையிலிருந்தா கொடுத்திருப்பார்? மொட்டை போட உட்கார்ந்தவர் தலையில்தான் அது விழுந்திருக்கும். நம் பக்கத்துப் பெண்கள் திரிவேணியில் செய்யும் வேணி தானத்தை நினைத்துப் பார்க்கலாம். கணவன் மனைவிக்குத் தலை பின்னிப் பூச்சூட்டி, பின்னலின் நுனியை மட்டும் நறுக்கி ஆற்றில் விடுவான். விரற்கடை நீள முடி. அந்தச் சடங்கு நடக்கும் மணலுக்கும் வாடகை வந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பின் 1956-இல் ரயில் பயணிகள் மீதான முனைய வரிச் சட்டம் வந்தது. யாத்திரைத் தலங்களுக்கும் திருவிழா ஊர்களுக்கும் போகவர எடுக்கும் ரயில் டிக்கெட்டோடு சேர்த்து ஒரு வரி. கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு அது கட்டியதே தெரிந்திராது.

இதற்கு இணையாக இன்னொரு கிளை வளர்ந்தது. கர்சன் பிரபு காலத்தில், 1904-இல், பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1958-இல் இன்றைய சட்டம். கட்டடத்தைப் பார்ப்பதற்குக் கட்டணம் என்ற ஏற்பாடு இவற்றின் வழியே நிலைபெற்றது. கும்பிட வருபவர், பார்க்க வருபவர் என்று ஆட்களை இரண்டாகப் பிரிக்க வேண்டிய கட்டாயமும் அப்போது பிறந்ததுதான். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று நண்பகல் தொழுகைக்கு வரும் உள்ளூர் முஸ்லிம்களுக்கு மட்டும் கதவு திறக்கும், டிக்கெட் இல்லை. மற்ற நாட்களில் இந்தியருக்கு 50 ரூபாய், வெளிநாட்டவருக்கு 1,100. கல்லறை மண்டபத்துக்குப் போக 2018 திசம்பர் முதல் எல்லாருக்கும் மேலும் 200.

காசியிலும் இதே பிரிப்பைப் பார்க்கலாம். தசாசுவமேதத் துறையை ஒட்டி மான் மந்திர் துறை. ஆம்பேர் ராஜா மான்சிங் கட்டிய மாளிகையும், மாடியில் இரண்டாம் ஜெய்சிங் வைத்த வானாய்வுக் கருவிகளும் அங்கே உள்ளன. ஆற்றிலிருந்து ஏறி வருகிறவருக்குப் படி இலவசம். அதே படியில் திரும்பி மாளிகைக்குள் நுழைந்தால் தொல்லியல் துறையின் சாளரம், டிக்கெட். ஈரத்துணியோடு வந்த ஒருவர் தெரியாமல் உள்ளே போகப் பார்ப்பதும், காவலர் கை நீட்டி நிறுத்துவதும் அங்கே காணக்கூடியதுதான்.

இந்தப் பிரிப்பு எங்கே திணறுகிறது என்று பார்க்கப் பத்துக் கிலோமீட்டர் தள்ளிச் சாரநாத்துக்குப் போக வேண்டும். புத்தர் முதல் உபதேசம் செய்த இடம். தமேக் தூபி தொல்லியல் துறை வேலிக்குள் இருப்பதால், அதை வலம்வர வரும் பௌத்தரும் டிக்கெட் வாங்கித்தான் போகிறார். இந்தியருக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300. சார்க், பிம்ஸ்டெக் கூட்டமைப்பு நாட்டவருக்கு மட்டும் இந்தியர் கட்டணமே. ஆகவே இலங்கையிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வரும் பிக்கு 25 ரூபாய் கொடுக்கிறார். பின்னாலேயே வரிசையில் நிற்கும் சப்பானியர் 300 கொடுக்கிறார். இருவரும் ஒரே தூபியை வலம்வந்து ஒரே புல்வெளியில் அமர்ந்து ஓதுகிறார்கள். சாளரத்தில் இருப்பவர் அவர்களிடம் கேட்பது பாஸ்போர்ட்டை மட்டும்.